ஒன்பதில் இல்லாத கிரகம்

அரியலூர் மாவட்டம் திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலில் நவக்கிரகங்கள் மூன்று குழிகளாக இருக்கின்றன. நந்திக்கு அருகே தரையில் உள்ள அந்தக் குழிகளில் விளக்கேற்றி வணங்குகிறார்கள். மற்ற ஊர்களில் பீடமேறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்கிற ஒன்பது பேரும் இங்கே உருவமின்றித் தரைக்குள் இறங்கிவிட்டார்கள். இந்த அமைப்பின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது என்று எண்ணிப் பாருங்கள். பூமி வராது. பார்க்கிறவர் நிற்கிற இடம் அது. தரையிலிருந்து வானத்தை அண்ணாந்து பார்த்துப் போட்ட கணக்கில் தரைக்கு இடமில்லாமல் போனது இயல்புதான். ஆனால் நம் வயலையும் ஆற்றையும் நாம் வியர்க்கிற மாதத்தையும் ஆளுகிற கிரகம் எது என்று என்னைக் கேட்டால், அந்தக் குழிகள் இருக்கிற தரையையே காட்டுவேன். அந்தத் தரை சாய்ந்திருக்கிறது. சாய்வு 23.4 பாகை. நம் ஜாதகத்தில் எழுதப்படாத அந்த ஒரு எண்தான் கொள்ளிடத்தில் தண்ணீர் வருவதையும் மணல் கிடப்பதையும் முடிவு செய்கிறது.

இதைத் தெரிந்துகொள்ள தொலைநோக்கி தேவையில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியும், வெயில் விழும் சமதளமும் போதும். திருமழபாடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. மார்கழி தொடங்கி ஒரு வாரம் ஆனதும், அதாவது டிசம்பர் 21 அல்லது 22இல், நடுப்பகலில் அந்தக் குச்சியின் நிழல் வடக்கே சுமார் 68 செ.மீ. நீளும். மாதம் போகப்போக அது சுருங்கும். பங்குனி முதல் தேதி 24 செ.மீ. இருக்கிற நிழல், பங்குனி முடியும்போது 3 செ.மீ.தான். திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடப்பது இந்த மாதத்துப் புனர்பூசத்தில். திருவையாற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காவிரிக்கரையை விட்டுக் கொள்ளிடக்கரைக்கு வந்து சேர்கிற அந்த நாட்களில், கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவரின் நிழலும் நாளுக்கு நாள் காலடியை நோக்கி வந்துகொண்டிருக்கும். நண்பகல் வெயிலின் கோணம் ஆண்டிலேயே மிக வேகமாக மாறுவது சமபகல் நாளான மார்ச் 20ஐ ஒட்டித்தான். மாசியில் இதமாக இருந்த வெயில் பங்குனிக் கடைசியில் மண்டையைப் பிளப்பதற்கு அந்த வேகம் ஒரு காரணம்.

ஏப்ரல் 18 வாக்கில், சித்திரை பிறந்து நாலைந்து நாளில், பகல் பன்னிரண்டே காலுக்குச் சில நிமிடம் முன்பு குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் பல ஊர்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து நிழலில்லா நாள் என்று காட்டுவது இதைத்தான். அதற்குப் பிறகு நடப்பது பலருக்கும் கண்ணில் படுவதில்லை. நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். ஜூன் 21இல் தெற்கே 22 செ.மீ. வரை போய், திரும்பி, ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி காணாமல் போகும். ஆண்டில் நான்கு மாதம் நம் நடுப்பகல் நிழல் தெற்கே கிடக்கிறது. டெல்லியில் பிறந்து வளர்ந்தவர் தன் ஊரில் இதை ஒருநாளும் பார்த்திருக்க முடியாது. அது கடகரேகைக்கு அப்பால் இருக்கிறது.

குச்சி அப்படியே இருக்க, நிழல் இவ்வளவு தூரம் போய்வரக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பதுதான். சூரியனைச் சுற்றும் பாதைக்கு அச்சு செங்குத்தாக இருந்திருந்தால், ஆண்டு முழுக்க அந்த நிழல் வடக்கே 19 செ.மீ.யில் அசையாமல் நின்றிருக்கும். அச்சு சாய்ந்த திசை மாறாமல் பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாதம் வடபாதி சூரியனின் பக்கம் சாய்கிறது, ஆறு மாதம் தென்பாதி. கிட்டத்தில் போனால் வெயில், தூரத்தில் போனால் குளிர் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனியில் கோலம் போடுகிற நாளில், பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14 கோடியே 71 லட்சம் கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் அதைவிட 50 லட்சம் கி.மீ. விலகிவிடுகிறது. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருக்கத்தை ஒரு சாய்வு ஒன்றுமில்லாமல் செய்துவிடுகிறது என்றால் அதன் பலத்தை எண்ணிப் பார்க்கலாம்.

பகல் நீளத்தில் இந்தச் சாய்வு நமக்குப் பெரிதாகத் தெரியாது. திருமழபாடியில் ஆண்டின் நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டியது, குறுகிய பகல் பதினொன்றரை மணி. ஒன்றேகால் மணி நேர வித்தியாசம்தான். சாய்வு நம்மைத் தொடுகிற வழி வேறு. அது தண்ணீர் வழி.

சித்திரை, வைகாசியில் சூரியன் வடக்கே நகர்ந்து வட இந்திய நிலத்தையும் அதற்கு அப்பால் உள்ள திபெத் மேட்டையும் காய்ச்சுகிறது. நிலம் கடலைவிட விரைவில் சூடேறும். சூடேறிய காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து, நிலநடுக்கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, ஈரக்காற்று புறப்படுகிறது. கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிட, தென்மேற்கிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. குடகில் பெய்வது காவிரியாகவும் வயநாட்டில் பெய்வது கபினியாகவும் இறங்குகிறது. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை அதைப் பிடித்து வைக்கிறது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம் வெள்ளத்துக்கு வடிகால். ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் அங்கே மேலணையைக் கட்டியதும், காவிரித் தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் ஓடி வீணாகாமல் இருக்கத்தான். 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி அந்த அணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போனதைக் கரையோர ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனதும் மழைப்பட்டையும் பின்னாலேயே இறங்குகிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வந்து ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயே பெய்கிறது. ஒரு முறை ஆற்று வழியாக, ஒரு முறை வானத்திலிருந்து நேராக, ஆண்டில் இரண்டு முறை இந்த நிலத்துக்குத் தண்ணீர் வருவது அச்சு சாய்ந்திருப்பதால். சாய்வு இல்லாவிட்டால் மழைப்பட்டை நிலநடுக்கோட்டை ஒட்டியே நிற்கும். குறுவை என்றும் சம்பா என்றும் பட்டம் பார்த்து நாற்றுவிட வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இங்கேதான் எனக்கு நீண்ட நாளாக மனதில் இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மழை சாய்வைப் பின்பற்றுகிறது. நம் பஞ்சாங்கமோ நட்சத்திரங்களைப் பின்பற்றுகிறது. இரண்டும் ஒன்றாகப் போவதில்லை.

வேகம் குறைகிற பம்பரத்தின் தலை வட்டமிடுவதுபோல் பூமியின் அச்சும் வட்டமிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. சாய்வின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, சாயும் திசை மட்டும் மெல்லத் திரும்புகிறது. அதனால் சூரியன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்கு வர ஆகும் காலம், ஒரு பருவத்திலிருந்து அதே பருவம் வர ஆகும் காலத்தைவிடச் சுமார் 20 நிமிடம் கூடுதல். எழுபது எழுபத்திரண்டு ஆண்டில் அது ஒரு நாள். உத்தராயணம் தை முதல் தேதி பிறக்கிறது என்று நாம் சொல்கிறோம். நிழலைக் கேட்டால் டிசம்பர் 21, 22 என்று சொல்லும். அன்றே சூரியன் வடக்கே திரும்பிவிட்டது. இடையில் 24 நாள். சுமார் ஆயிரத்தெழுநூறு ஆண்டுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் விழுந்தன.

திருமழபாடிக் கோயிலின் சுவரில் இந்தக் காலக்கணக்குக்குப் பொருத்தமான ஒரு செய்தி இருக்கிறது. முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், 1013 வாக்கில், இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில் அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் திரும்பவும் வெட்டினார்கள். ஒரு கட்டடத்தை இடிக்கிறவர்கள் அதன் எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. அந்தக் கல்தச்சர்கள் வேலை செய்த ஆண்டுகளில் தைப்பிறப்புக்கும் சூரியன் திரும்பும் நாளுக்கும் இடையே ஒன்பது பத்து நாள்தான் வித்தியாசம். இன்று சித்திரை ஐந்தில் வருகிற நிழலில்லா நாள் அவர்களுக்குச் சித்திரை இருபது வாக்கில் வந்தது. ஆடி பதினெட்டு, பருவக் கணக்கில், இன்றைய ஜூலை 20ஐ ஒட்டி விழுந்தது. இப்போது ஆகஸ்ட் 2, 3. இன்னும் நாலாயிரம் ஆண்டு போனால் ஆடிப்பெருக்கு செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போய்விடும். ஆற்றில் அப்போதும் புதுவெள்ளம் சாய்வின் கணக்குப்படி, அதற்கு முன்பே வந்து போயிருக்கும்.

இந்தப் பிளவு நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, கண்ணால் கண்டு அளந்ததை வைத்துப் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடினார். பழைய வாய்பாட்டு வாக்கியப் பஞ்சாங்கமா, கண்டு திருத்திய திருக்கணிதமா என்ற வழக்கு அவர் காலத்துக்கு முன்பும் இருந்தது, இன்றும் ஓயவில்லை. விடுதலைக்குப் பின் இயற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த காலண்டர் சீர்திருத்தக் குழு பருவத்தோடு ஒட்டிப்போகும் ஒரு நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. 1957இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. வானொலியிலும் அரசிதழிலும் இருக்கிறது, வீட்டுச் சுவரில் இல்லை. பொங்கலை நகர்த்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பின் வைக்கிற பொங்கலுக்குத் தை முதல் நாள் இன்று நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சூரியன் திரும்புகிற நாள் வேறு, பொங்கல் வைக்கிற நாள் வேறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஒரு குச்சியின் நிழல் காட்டுகிற உண்மை அது.

சாய்வின் அளவும் நிலையானதல்ல. 41,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை அது ஏறக்குறைய 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையில் போய்வருகிறது. இப்போது குறைந்துகொண்டிருக்கிறது. ஆரியபட்டர் 499இல் அதை 24 பாகை என்று வைத்துக் கணக்கிட்டார். அன்றைய உண்மை அளவு 23.6ஐ ஒட்டியது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் நிழலை மட்டும் நம்பி அரைப் பாகைக்குள் வந்தது பெரிய காரியம். கடகரேகை ஆண்டுக்குச் சுமார் 14 மீட்டர் தெற்கே இறங்குகிறது. ராஜராஜன் விமானத்தைக் கட்டிய நாளில் அது இன்றைய இடத்துக்கு 14, 15 கி.மீ. வடக்கே கிடந்தது. இவ்வளவு சிறிய அசைவே பனியுகங்கள் வந்து போனதில் பங்கெடுத்தது என்று செர்பிய அறிஞர் மிலுட்டின் மிலன்கோவிச் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பு சாய்வும் கூடுதலாக இருந்தது, பூமி சூரியனுக்கு அருகில் வரும் நாளும் வடகோடையில் விழுந்தது. அன்றைய தென்மேற்குப் பருவமழை இன்றைவிட வலுவாகப் பெய்தது.

மற்ற கோள்களைப் பார்த்தால்தான் நமக்குக் கிடைத்த சாய்வின் அருமை தெரியும். புதனுக்குச் சாய்வே கிடையாது என்று சொல்லிவிடலாம். வியாழனுக்கு 3 பாகை. இரண்டிலும் நாம் அறிந்த பருவம் இல்லை. வெள்ளி தலைகீழாகக் கவிழ்ந்து, 177 பாகையில், பின்னோக்கிச் சுழல்கிறது. அரியலூர் மாவட்டத்திலேயே சுக்கிரன் ஏரி என்று ஒன்று உண்டு, புள்ளம்பாடி வாய்க்காலின் தண்ணீர் போய்ச் சேருமிடம். அந்தப் பெயர்கொண்ட கோளில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது. சனிக்கு 26.7 பாகை. செவ்வாய்க்கு 25.2, ஏறக்குறைய நம்முடையதே. ஆனால் நம்முடையதுபோல் அது கட்டுக்குள் இருப்பதில்லை. 1993இல் பிரெஞ்சு வானியலாளர் ஜாக் லஸ்கரும் உடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டுப் பார்த்தபோது, செவ்வாயின் சாய்வு நெடுங்காலப் போக்கில் 0 முதல் 60 பாகை வரை தறிகெட்டு ஆடக்கூடியது என்று தெரிந்தது. பூமியை அப்படி ஆடவிடாமல் பிடித்து வைத்திருப்பது நிலா. நிலா இல்லாவிட்டால் பூமியும் 85 பாகை வரை சாயக்கூடும் என்றார்கள். அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு மிக நெடுங்காலம் பிடிக்கும் என்று பின்னால் வந்த கணக்குகள் சொல்கின்றன. எப்படியானாலும், ஜாதகக் கட்டத்தில் திங்களுக்குக் கொடுத்த இடத்தைவிடப் பெரிய இடத்தை இயற்பியல் அதற்குக் கொடுத்திருக்கிறது.

யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. பழங்காலத்தில் ஏதோ பெரிய பொருள் மோதி அதைக் கிடத்தியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. அதன் ஆண்டு நமக்கு 84 ஆண்டு. துருவத்தில் 42 ஆண்டு பகல், 42 ஆண்டு இரவு. பூமி அதே அளவு சாய்ந்திருந்தால் திருமழபாடி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 பாகைக்கு வடக்கே உள்ள எல்லா ஊருக்கும் துருவத்தின் விதி வந்துவிடும். மார்கழியில் ஏறக்குறைய இரண்டு வாரம் கொள்ளிடக்கரையில் சூரியன் உதிக்காது. ஆனியில் இரண்டு வாரம் மறையாது. கன்னியாகுமரியும் மயிரிழையில் சிக்கிவிடும். ஒரே ஒரு கோணம் மாறினால் மார்கழியின் பாதி நாளில் விடியல் என்ற ஒன்றே அரியலூருக்கு இல்லை.

சாயாமலிருப்பதற்கும் விளைவு உண்டு. நிலாவின் அச்சு ஒன்றரை பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதனால் அதன் துருவப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் பல நூறு கோடி ஆண்டுகளாக வெயில் பட்டதே இல்லை. மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 கொண்டுபோன கருவியின் தரவுகளிலிருந்து, அந்த இருளில் உறைபனி கிடப்பது 2018இல் உறுதியானது. பூமியில் சாய்வு தண்ணீரை ஓட விடுகிறது. நிலாவில் சாயாமை அதைக் காத்து வைத்திருக்கிறது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23இல் தென்துருவப் பகுதியை நோக்கிப் போய் இறங்கியதற்குப் பின்னால் அந்த உறைபனியின் ஈர்ப்பு இருக்கிறது.

திருமழபாடியிலிருந்து வடக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் காரை கிராமத்து ஓடைகளிலும் கடல் உயிர்களின் எச்சங்கள் கையில் அகப்படும். சுருண்ட அம்மோனைட்டுகள், சிப்பிகள், கடல் முள்ளெலிகள். வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் கல்லாகிக் கிடக்கிறது. எல்லாம் கிரெட்டேசியஸ் காலத்தவை. கடல் இங்கே வந்து போனது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அந்தக் கடலின் மேல் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதுதான் என் கேள்வி. அப்போது இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, 30 பாகைக்கும் அப்பால் இருந்தது. நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்கே நின்றது. நிழல் எப்போதும் தெற்கே விழுந்தது. டிசம்பரில் கோடை, ஜூனில் குளிர். அந்த அம்மோனைட்டுகளின் தலைக்கு மேல் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வந்ததில்லை. பிறகு இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து மகரரேகையைத் தாண்டியது. அன்றுதான் இந்த மண்ணுக்கு நிழலில்லா நாள் என்ற ஒன்று முதன்முதலாக வந்தது. அதற்கப்புறம் நிலநடுக்கோட்டையும் தாண்டி 11 பாகை வடக்கே வந்திருக்கிறோம். தட்டு இப்போதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நகர்ந்துகொண்டிருக்கிறது. அச்சின் சாய்வு குறைவதால் கடகரேகை நகர்வது அதைப்போல் கிட்டத்தட்ட 300 மடங்கு வேகம்.

ஏப்ரல் 18 தேர்வுக் காலத்தில் விழுகிறது, ஆகஸ்ட் 24இல் பள்ளி திறந்திருந்தாலும் மேகம் மூடிக்கொள்ளும். ஆனாலும் ஆற்றோரத்துப் பள்ளிகள் ஏதாவது ஒன்று ஒரு மீட்டர் குச்சியை நட்டு, ஆண்டுதோறும் தை முதல் தேதி, பங்குனி முதல் தேதி, ஆடி பதினெட்டு ஆகிய நாட்களின் நடுப்பகல் நிழலை அளந்து ஒரு நோட்டில் எழுதி வரலாம். எழுபது ஆண்டில் பங்குனி முதல் தேதிக் கணக்கில் ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். பிரிக்கும் விமானத்தின் எழுத்தையே படியெடுத்து வைத்த ஊருக்கு அந்த நோட்டைக் காப்பாற்றுவது கடினமாக இருக்காது.